கேள்விக்குறி இருந்த பக்கங்கள்

தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. பஸ் திருமங்கலம் தாண்டினதிலிருந்து உங்க லேப்டாப்பையேதான் பார்த்துக்கிட்டு வர்றேன். அந்தக் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும் கண்ணுல பட்டா எனக்கு வேற பக்கம் திரும்ப முடியாது. கிராலர்தானே ஓட்டுறீங்க? தெரிஞ்சுது. நீங்க கொடுக்கிற ஆப்ஷனை வச்சே தெரிஞ்சுது. ஆழம் அஞ்சு, ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவுல ரெண்டு செகண்ட் இடைவெளி. அது சரியான பழக்கம். நிறைய பேர் இடைவெளியே கொடுக்காம எதிராளி சர்வர்ல போய் முட்டுவாங்க. நீங்க நிதானமான ஆள்.

மதுரையில ஒரு ஆராய்ச்சி நூலகத்துல இருபத்தாறு வருஷமா கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பு. பேர் பேச்சிமுத்து. எங்க நூலகத்துத் தேடல் பெட்டியில நீங்க ஒரு சொல்லைப் போட்டா நாற்பது தளத்துல இருந்து பதில் வரும். அதுக்குப் பின்னால ஓடுறது நான் அமைச்சது. இந்தக் கிராலர் கருவி தானா எதையும் செய்யாது தம்பி. ஒரு தளத்துக்குள்ள போகும், அங்கே இருக்கிற இணைப்பைப் பிடிச்சு அடுத்த பக்கம் போகும், அதுல இருந்து அடுத்தது. எத்தனை படி அப்படிப் போகணுங்கிறதுதான் ஆழம். எடுத்ததை எல்லாம் வச்சுக்கிட்டு எந்தச் சொல் எந்தப் பக்கத்துல இருக்குன்னு அட்டவணை போடும். எங்கே போகணும், எங்கே போகக்கூடாதுன்னு நாமதான் தட்டுற ஒரு வரிக் கட்டளையில சொல்லணும். அந்த ஒரு வரியிலதான் ஆள் தெரிவான்.

நீங்க விலக்கு ஆப்ஷன் கொடுக்கலை போல இருக்கே. சரி, சரி. உங்க வேலை உங்களுக்குத் தெரியும். நான் எப்பவும் கொடுப்பேன். முகவரியில கேள்விக்குறி இருந்தா தொடாதேன்னு கொடுப்பேன். அதுக்குக் காரணம் இருக்கு. ஒரு தடவை ஒரு காலேஜ் தளத்தை ஓட்ட விட்டேன். அதுல ஒரு காலண்டர் பக்கம். அடுத்த மாசம், அடுத்த மாசம்னு ஒரு இணைப்பு. முகவரியில ஒரு கேள்விக்குறி, அதுக்குப் பின்னால தேதி. கருவி அதைப் பிடிச்சுக்கிட்டுப் போனது போனதுதான். மூணாம் நாள் வந்து பார்த்தா ரெண்டாயிரத்து எண்ணூறாம் வருஷத்து மாசியில நிக்குது. டிஸ்க் நிறைஞ்சு போச்சு. அன்னையிலிருந்து கேள்விக்குறின்னா எனக்கு ஆகாது. கை தானா அந்த ஆப்ஷனைத் தட்டிரும். யோசிக்கவே வேண்டாம்.

யோசிக்கலைதான். அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்க அக்கா கோமதி கோவில்பட்டியில இருக்கா. ஒரு பள்ளிக்கூடத்துல சத்துணவு அமைப்பாளர். அவளுக்கு ஒரே பொண்ணு, செண்பகவல்லி. செண்பான்னு கூப்பிடுவோம். அத்தான் தவறிப் போனப்போ அது பிளஸ் ஒன் படிச்சுது. அப்புறம் திருநெல்வேலியில காலேஜ், ஹாஸ்டல். முதல் வேலை மதுரையில கிடைச்சுது. ரெண்டு வருஷம் எங்க வீட்லதான் இருந்துச்சு. அப்புறம் புனேவுக்குப் போயிட்டுது. அங்கே கூட வேலை பார்த்த பையன், ஒடிசாக்காரன், பிரணவ்னு பேர், அவனைக் கல்யாணம் பண்ணிக்கிச்சு. ரெஜிஸ்டர் ஆபீஸ்ல. அக்காகிட்ட முந்தின நாள்தான் சொல்லியிருக்கு. அக்கா அன்னைக்கு ஃபோனை வச்சவ, எட்டு மாசம் எடுக்கலை. நான் எவ்வளவோ சொன்னேன். அவ பிடிவாதம் உங்களுக்குத் தெரியாது.

எட்டாம் மாசம் செண்பாவுக்குக் காய்ச்சல். மூளையில ஏறிட்டுதுன்னாங்க. பிரணவ் எனக்குத்தான் ஃபோன் பண்ணினான். நானும் அக்காவும் போய்ச் சேர்ந்தப்போ வாயில குழாய். அக்கா கூப்பிட்டுப் பார்த்தா. கண்ணு திறக்கலை. ரெண்டு நாள்.

அக்கா அங்கே அழலை தம்பி. திரும்பி வர்ற ரயில்லயும் அழலை. வாடி ஜங்ஷன் வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கிட்டே வந்தவ, என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "என் மேல கோவத்தோடயே போயிருப்பாளாலே?" நான் இல்லைன்னுதான் சொன்னேன். வேற என்ன சொல்ல முடியும். எனக்கு எப்படித் தெரியும்.

செண்பா ஒரு வலைப்பூ எழுதிக்கிட்டு இருந்துச்சு. காலேஜ்ல சேர்ந்த வருஷத்துல இருந்து. ஒரு இலவசத் தளத்துல. நான் அப்பப்போ பார்ப்பேன், முழுசாப் படிச்சதில்லை. அது இறந்த அஞ்சாம் மாசம் அந்தத் தளத்துக்காரங்க அறிவிப்புப் போட்டாங்க. மார்ச் முப்பத்தொண்ணோட மூடுறோம், வேணுங்கிறவங்க அவங்கவங்க எழுத்தை எடுத்துக்கோங்கன்னு. பாஸ்வேர்ட் செண்பாவோட போச்சு. உள்ளே போய் எடுக்க வழியில்லை. வெளியில இருந்து கிராலர் வச்சுத்தான் எடுக்கணும். அக்காகிட்டச் சொன்னேன். அவ எடுத்துக் கொடுலேன்னா. இதைவிடப் பெரிய தளத்தை எல்லாம் நான் ஒரு காப்பி குடிக்கிற நேரத்துல எடுத்திருக்கேன். பிப்ரவரியில ஒரு சனிக்கிழமை ஓட்டிவிட்டேன். ஆழம் எட்டு கொடுத்தேன், தாராளமா. அந்தத் தளத்தை விட்டு வெளியே போகாதேன்னு கொடுத்தேன். இடைவெளி ரெண்டு செகண்ட். விலக்கு, கேள்விக்குறி. அப்புறம் அமைதி ஆப்ஷன். அது கொடுத்தா ஒவ்வொரு வரியாத் திரையில ஓடாது, முடிஞ்சதும் மொத்தக் கணக்கு மட்டும் சொல்லும். வளவளன்னு ஓடுறது எனக்குப் பிடிக்காது. நூத்து இருபத்தேழு பக்கம் வந்துச்சு. பிழை எதுவும் இல்லை. அட்டவணையும் போட்டாச்சு.

திங்கட்கிழமையே கோவில்பட்டிக்குக் கொண்டு போனேன். அக்கா பள்ளிக்கூடத்துல இருந்து வந்து கை கால் கழுவிட்டு என் பக்கத்துல உட்கார்ந்தா. தேடல் பெட்டியைக் காட்டினேன். இதுல என்ன சொல்லைப் போட்டாலும் செண்பா எங்கெங்கே எழுதியிருக்கோ அங்கெல்லாம் காட்டும்னு சொன்னேன். எனக்கு ஒரு பெருமை இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். அவ கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியையே பார்த்தா. அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னா.

"அம்மான்னு போட்டுப் பாரு."

போட்டேன். ரெண்டு பக்கம் வந்துச்சு. ஒண்ணு புனேயில வீட்டு ஓனர் அம்மா தண்ணி மோட்டார் போட மாட்டேங்கிறாங்கன்னு. இன்னொண்ணு தெருவுல கீரை விக்கிற அம்மா.

அவ்வளவுதான்.

அக்கா கோமதின்னு போடச் சொன்னா. ஒண்ணும் வரலை. கோவில்பட்டின்னு போட்டா ஊர் மிட்டாயைப் பத்தி ஒரு பக்கம். அப்புறம் அவளே மாமான்னு போட்டா. நாற்பத்தொரு பக்கம் வந்துச்சு தம்பி. பேச்சி மாமா காலையில பேப்பரைச் சத்தமாப் படிக்கிறது, பேச்சி மாமா ஸ்கூட்டர் ஓட்டுறது, பேச்சி மாமாவுக்கு ரசம் பிடிக்காதது. எனக்கு நெஞ்சு நிறைஞ்சுது. உண்மையைச் சொல்றேனே, அந்தப் புள்ள என்னை இவ்வளவு கவனிச்சிருக்குன்னு எனக்கே தெரியாது. நான் ஒவ்வொண்ணாப் படிச்சுக் காட்டினேன். அக்கா எல்லாத்தையும் கேட்டா. சிரிக்க வேண்டிய இடத்துல சிரிச்சா. முடிஞ்சதும் நீ கொடுத்து வச்சவன்லேன்னா.

அப்புறம் கேட்டா, ஒருவேளை விட்டுப் போயிருக்குமோ, கருவி சரியாத் தேடலையோன்னு. நான்தான் சொன்னேன். "அக்கா, கருவிக்குப் பொய் சொல்லத் தெரியாது. இருந்தா வந்திருக்கும். அவ எழுதலை, அவ்வளவுதான்."

ஆறுதலாத்தான் சொன்னேன். இல்லாததைத் தேடிக்கிட்டு இருக்கக் கூடாதில்லையா.

மார்ச் மாசம் ஆரம்பத்துல பிரணவ் ஃபோன் பண்ணினான். அங்கிள், பழைய பக்கம் எல்லாம் வந்துட்டுதான்னு கேட்டான். இங்கிலீஷ்லதான் பேசுவோம். அவனுக்குத் தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. செண்பா காலேஜ்ல எழுதினதை எல்லாம் ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து அவனுக்கு வாசிச்சுக் காட்டி, அப்புறம் இங்கிலீஷ்ல சொல்லுமாம். அம்மாவைப் பத்தி நிறைய உண்டு, அது எல்லாம் இருக்கான்னு கேட்டான். நான் சொன்னேன், தம்பி, நூத்து இருபத்தேழு பக்கம் வந்திருக்கு, பிழை இல்லை, தளத்துல இருந்தது முழுக்க வந்துட்டுது, அது வேற எதுலயாவது எழுதினதா இருக்கும்னு. அவன் இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கலாமான்னான். தமிழே படிக்கத் தெரியாதவன் தமிழ்ப் பக்கத்தைப் பத்தி எனக்குச் சொல்றான்னு எனக்கு லேசா ஒரு மாதிரி ஆச்சு. பார்க்கிறேன்னு சொல்லி வச்சுட்டேன். அந்த மாசம் நூலகத்துல சர்வர் மாத்துற வேலை வேற. இருபத்தஞ்சு நாள் இருந்துச்சு, ஒத்துக்கிறேன். இருபத்தஞ்சு நாள் எங்கே போச்சுன்னே தெரியலை.

ஆகஸ்ட்ல டிஸ்க்கைச் சுத்தம் பண்ணினேன். பழைய வேலைகளோட மிச்சக் கோப்புகளை அழிக்கிறப்போ செண்பா பேர்ல ஒண்ணு கண்ணுல பட்டுது. கருவி தான் விலக்கின முகவரியை எல்லாம் ஒரு கோப்புல எழுதி வைக்கும். திரையில அமைதியா இருந்தாலும் அந்தக் கோப்புல எழுதிடும். திறந்தேன். அறுபத்து மூணு வரி.

அந்தத் தளத்துக்காரன் நடுவுல முகவரி முறையை மாத்தியிருக்கான் தம்பி. மதுரைக்கு வந்தப்புறம் செண்பா எழுதினது புது முறை. காலேஜ்ல எழுதினது பழைய முறை. பழைய முறையில கேள்விக்குறி, அதுக்குப் பின்னால தலைப்பு, இங்கிலீஷ் எழுத்துல. அறுபத்து மூணுல பத்தொன்பது அம்மான்னு ஆரம்பிக்குது. நான் எண்ணினேன். ரெண்டு தடவை எண்ணினேன்.

தளம் மூடி அஞ்சு மாசம் ஆச்சு. உலகத்துத் தளத்தை எல்லாம் எடுத்து வைக்கிறாங்களே, அந்தப் பொதுக் காப்பகத்துலயும் பார்த்தேன். முகப்பு மட்டும் இருந்துச்சு. தளத்துக்காரனுக்கு எழுதினேன், பதில் இல்லை. இதுல என் தப்புன்னு எவ்வளவு சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்க. முகவரி முறையை மாத்தினா ஒரு வார்த்தை எங்கேயாவது எழுதி வச்சிருக்க வேண்டாமா? கருவியோட கையேட்டுலயும் அந்த விலக்கு ஆப்ஷனைப் பத்தி ரெண்டே வரிதான். நான் கொடுத்த ஆப்ஷன் நூத்துல தொண்ணூறு தளத்துக்குச் சரி.

அக்காகிட்டச் சொல்லலாமா வேண்டாமான்னு ஒரு மாசம் கிடந்தேன். என் வீட்டுக்காரி சொல்லிடுங்கன்னா. செண்பாவோட வருஷத் திதி முடிஞ்ச மறுநாள், எல்லாரும் கிளம்பினப்புறம், அந்த அறுபத்து மூணு வரியையும் அச்சடிச்ச தாளை எடுத்து வச்சுச் சொன்னேன். தளத்துக்காரன் பண்ணின குளறுபடின்னு சொன்னேன். இப்போதான் தெரிய வந்துச்சுன்னு சொன்னேன். அது உண்மைதானே.

அவ கத்தலை. தாளை வாங்கிப் பார்த்தா. இங்கிலீஷ் எழுத்துல தமிழ் அவளுக்குச் சட்டுன்னு வரலை, படின்னா. நான் பத்தொன்பதையும் படிச்சேன். திரும்பவும் ஒவ்வொண்ணா நிறுத்திப் படிக்கச் சொன்னா.

அம்மாவின் பச்சைக் குடைன்னு படிச்சேன். "அது ஹாஸ்டல்ல விட்டுட்டு வந்த அன்னைக்கு. மழை. குடையை அவகிட்டக் கொடுத்துட்டு நான் நனைஞ்சுக்கிட்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். மாடியில நின்னு பார்த்திருக்கா போல"ன்னா.

அம்மா சிரித்த நாள்னு படிச்சேன். அந்த வரி எதுன்னு தாள்ல தொட்டுக் காட்டச் சொன்னா. அப்புறம் சொன்னா, அத்தானைத் தூக்குறதுக்கு முன்னால யாரோ அவசரத்துல ஒரு மாலை வாங்கிட்டு வந்திருக்காங்க. அதுல மணமக்களுக்கு வாழ்த்துன்னு ஜரிகை நாடா தொங்கியிருக்கு. அக்காவுக்கு அழுகைக்கு நடுவுல ஒரு சிரிப்பு வந்துட்டுதாம். முந்தானையால வாயை மூடிக்கிட்டாளாம். பக்கத்துல இருந்த செண்பா மட்டும் பார்த்திருக்கு. ரெண்டு பேரும் அதைப் பத்தி ஒரு நாளும் பேசினதில்லையாம். நான் தம்பி, கூடப் பொறந்தவன், அன்னைக்கு அந்த வீட்லதான் இருந்தேன். எனக்கே தெரியாது.

இப்படியே பதினெட்டுக்கும் சொன்னா. ஒவ்வொரு தலைப்புக்கும் அவகிட்ட ஒரு நாள் இருந்துச்சு. பக்கம் போனாலும் விஷயம் வந்துட்டுதேன்னு எனக்கு ஒரு நிம்மதி வந்துச்சு.

கடைசி ஒண்ணு, அம்மாகிட்ட சொல்லாதது. அதுக்கு அவகிட்ட ஒண்ணும் இல்லை. எப்படி இருக்கும், சொல்லாததுன்னுதானே இருக்கு. ரெண்டு தடவை படிக்கச் சொன்னா. அப்புறம் பிரணவுக்குப் போடு, அவனுக்குத் தெரியும்னா. அவங்க ரெண்டு பேரும் அப்பப்போ பேசிக்குவாங்க போல. இவ தமிழ்ல, அவன் அவன் பாஷையில. சாப்பிட்டியா, தூங்கினியா, அவ்வளவுதான் இருக்கும். எங்க அக்கா பத்தாவதுதான்.

ஸ்பீக்கர்ல போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவன் சொன்னான், மத்ததை எல்லாம் அவ எனக்கு வாசிச்சிருக்கா, அதை மட்டும் வாசிக்க மாட்டா, அது அம்மாவுக்கு, ஒரு நாள் அம்மாகிட்ட நானே வாசிப்பேன்னு சொல்லித் தள்ளிட்டுப் போயிருவான்னான். நான் அதை அக்காவுக்குத் தமிழ்ல சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். அவ கை அந்தத் தாள் மேலேயே இருந்துச்சு.

அப்புறம் அவன் இன்னொண்ணும் சொன்னான். குரலை உயர்த்தலை, சாதாரணமாத்தான் சொன்னான். ஐ டோல்ட் அங்கிள் இன் மார்ச். அதை நான் அக்காவுக்குச் சொல்லலை. அந்த நேரத்துல அது எதுக்கு. தேவையானதைத்தானே சொல்லணும். அக்கா என் முகத்தைப் பார்த்தா. அவன் என்ன சொல்றான்னு கேட்பான்னு நினைச்சேன். கேட்கலை.

ஃபோனை வச்சதும் எழுந்து போய்க் காப்பி போட்டுக் கொண்டு வந்தா. குடிச்சேன். தாளை மடிச்சு அவளே வச்சுக்கிட்டா. அஞ்சரைக்கு ஒரு பஸ் இருக்கு, கிளம்புன்னா. எப்பவும் ராத்திரி இருந்துட்டுப் போலேன்னு சொல்றவ. மறுநாள் அவளுக்குச் சீக்கிரம் வேலைக்குப் போகணும் போல.

அது ஆச்சு நாலஞ்சு மாசம். ஃபோன் எடுக்கிறதில்லை. பள்ளிக்கூடத்துக்குள்ள சிக்னல் கிடையாது, அப்புறம் வீட்டுக்கு வந்தா அசதி. அவளுக்கும் வயசாகுது. பொங்கலுக்குப் பிரணவ் கோவில்பட்டிக்கு வந்து நாலு நாள் இருந்துட்டுப் போனானாம். பக்கத்து வீட்டுக்காரர் மதுரைக்கு வந்தப்போ சொன்னார். அக்கா ஒண்ணாங்கிளாஸ் புஸ்தகம் வாங்கி வச்சு அவனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாளாம். அவன் ஆனா ஆவன்னா எழுதிக்கிட்டு இருந்தானாம். பண்டிகை அவசரத்துல என்கிட்டச் சொல்ல விட்டுப் போயிருக்கும். நான் அதைப் பெருசா எடுத்துக்கலை. எங்களுக்குள்ள அப்படி எல்லாம் கிடையாது.

அந்தப் புள்ள என்னைப் பத்தி எழுதின நாற்பத்தொரு பக்கமும் எங்கிட்ட இருக்கு. ஒரு நாள் படிக்கலாம்னு எடுத்தேன். ஸ்கூட்டர் பக்கம் வரைக்கும் வந்தேன். அதுக்கு மேல போகலை.

நீங்க ஓட்டுறது என்ன தளம் தம்பி? அப்படியா. சரி, ஓட்டுங்க. விலக்கு ஆப்ஷன் இல்லாமலே ஓட்டுங்க. காலண்டர்ல மாட்டினா மாட்டட்டும்.

இதா, பஸ் உள்ளே திரும்புது. கோவில்பட்டிதான். பத்து நிமிஷம் நிக்கும், டீ சாப்பிடணும்னா நீங்க இறங்கிட்டு வாங்க. அக்கா வீடா? இங்கே இருந்து நடந்தே போயிடலாம், அந்தப் பாலத்துக்கு அப்பால ரெண்டாவது தெரு. இல்லை, நான் இறங்கலை. இந்நேரம் அவ வேலையில இருப்பா.

ஞாயித்துக்கிழமைதான். அதனால என்ன, ஏதாவது வேலை இருக்கும். நான் டிக்கெட் திருநெல்வேலிக்குத்தான் எடுத்திருக்கேன்.